டியூஷனில் 389, பரீட்சையில் 327: நடுவில் 62 மார்க் எங்கே போனது?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம், குற்றாலம் பக்கத்தில் ஒரு ஊருக்குக் குழுக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். சந்தா கட்டி முடித்து, உள்கடன் தவணை எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரு உறுப்பினர் மட்டும் வரவில்லை. மழை பெய்தாலும் கூட்டத்திற்கு முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிற அக்கா அவர்.

"அவ வரமாட்டா மேடம். மகளுக்கு மார்க்கு குறைஞ்சிட்டுன்னு நாலு நாளா வெளிய தலைகாட்டல" என்றார் ஊக்குநர்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அம்மாவின் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். நம்மைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பொரிந்து தள்ளிவிட்டார்.

"டியூஷன்ல 389 எடுத்தா மேடம். நானும் ஊரெல்லாம் சொல்லிட்டேன். பரீட்சையில 327. நடுவுல 62 மார்க்கு எங்க போச்சு? எல்லாம் செல்போன் தின்னுட்டு. இனி படிச்சது போதும். ரெண்டு வருசம் பீடி சுத்தட்டும், அப்புறம் ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துருதேன்."

சகோதரிகளே, இந்தக் கேள்வியை இந்த ஒரு வீட்டில் மட்டும் நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் பல குழுக்களில் கேட்கிறோம். "மாதிரித் தேர்வில் நல்லா எடுத்த பிள்ளை உண்மையான பரீட்சையில் ஏன் குறைந்தது?" சில வீடுகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "அரையாண்டில் தேறாத பையன் பரீட்சையில் எப்படி இவ்வளவு எடுத்தான்?" இரண்டுக்கும் காரணம் உண்டு. அது தெரியாததால் எத்தனையோ பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள், படிப்பை விடுகிறார்கள். ஆகவே இந்த இதழில் அதை விளக்கமாகப் பார்ப்போம்.

எல்லா மார்க்கையும் எடுத்துப் பார்த்தோம்

அந்த அக்காவிடம் நாங்கள் உடனே எந்த அறிவுரையும் சொல்லவில்லை. மகளிடம், "இந்த வருசம் எழுதின எல்லாத் தேர்வு மார்க்கையும் எடுத்துட்டு வாம்மா" என்றோம். ராங்க் கார்டும் டியூஷன் பேப்பரும் கொண்டுவந்தாள். ஐந்து தேர்வு இருந்தது. ஒவ்வொன்றும் 500-க்கு.

காலாண்டு: 318
அரையாண்டு: 331
முதல் திருப்புதல் தேர்வு: 352
டியூஷன் மாதிரித் தேர்வு: 389
இரண்டாம் திருப்புதல் தேர்வு: 340

நம் குழுக் கணக்கு போடுவது போலவே கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 1730. ஐந்தால் வகுத்தால் 346. டியூஷன் தேர்வை ஒதுக்கிவிட்டு, பள்ளிக்கூடத்துத் தேர்வு நான்கை மட்டும் பார்த்தால் சராசரி 335. பரீட்சையில் வந்ததோ 327. வித்தியாசம் வெறும் 8 மார்க். ஐந்து பாடத்திற்குப் பிரித்தால் பாடத்திற்கு 2 மார்க்கு கூட இல்லை.

"அந்த 389 எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டோம். அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "அது பாதிப் பாடத்துல இருந்துதான் கேட்டாங்க. முந்தின வாரம் எழுதிப் பார்த்த கேள்விதான் நெறைய வந்துச்சு. அம்மாகிட்ட அப்பவே சொன்னேன்."

அம்மாவுக்கு அது ஞாபகம் இல்லை. 389 மட்டும்தான் ஞாபகம் இருந்தது. தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. நாம் எல்லோருமே இப்படித்தான். ஐந்து மார்க்கில் எது பெரியதோ அதுதான் மனதில் நிற்கும், அதைத்தான் அடுத்த வீட்டிலும் சொல்வோம். பிறகு பரீட்சை மார்க்கை அதோடு ஒப்பிட்டு, "குறைந்துவிட்டது" என்கிறோம். அந்த 62 மார்க்கில் பெரும்பகுதி முதலிலிருந்தே அவள் கையில் இல்லாத மார்க்.

வித்தியாசம் வருவதற்கு ஐந்து காரணங்கள்

1. பாட அளவு ஒன்றல்ல. போன வாரம் நடத்திய இரண்டு பாடத்தில் தேர்வு வைத்தால் படித்தது எல்லாம் புதுசாக நினைவில் இருக்கும். பரீட்சையில் ஜூன் மாதம் படித்ததும் வரும், பிப்ரவரியில் படித்ததும் வரும். எந்தப் பாடத்திலிருந்து எது வரும் என்று தெரியாது. கைடில் உள்ள கேள்வியையே திரும்பத் திரும்பக் கொடுத்து எழுதச் சொன்னால் பிள்ளை அந்தக் கேள்விக்குத்தான் பதில் படிக்கிறதே தவிர, பாடத்தைப் படிக்கவில்லை. கணக்கில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டாலும் தடுமாறும்.

2. திருத்துகிற கை ஒன்றல்ல. பீடி சுற்றுகிற சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டில் ஆயிரம் பீடி எண்ணிக் கட்டி எடுத்துப் போவோம். நம் கண்ணுக்கு எல்லாம் நல்ல பீடிதான். கடையில் பார்க்கிறவர் சிலதைக் கழித்துவிடுவார். ஆள் மாறினால் கழிக்கிற அளவும் மாறும். விடைத்தாளும் அப்படித்தான். டியூஷனில் திருத்துகிறவருக்குப் பிள்ளையைத் தெரியும். "இவ இதைத்தான் எழுத வந்திருக்கா" என்று மார்க் போட்டுவிடுவார். பொதுத்தேர்வில் திருத்துகிற ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயரும் தெரியாது, பள்ளியும் தெரியாது. தாளில் என்ன இருக்கிறதோ, விடைக்குறிப்பில் என்ன சொல்லியிருக்கிறதோ அதற்குத்தான் மார்க்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். பல பள்ளிக்கூடங்களில் அரையாண்டு, திருப்புதல் தாளை வேண்டுமென்றே கறாராகத் திருத்துவார்கள், பிள்ளைகள் இன்னும் கவனமாகப் படிக்கட்டும் என்று. அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் மார்க் கூடிவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கில் விடை தப்பாகப் போனாலும், சரியாகப் போட்ட படிகளுக்குப் பொதுத்தேர்வில் மார்க் உண்டு. மாதிரித் தேர்வில் விடையை மட்டும் பார்த்துப் பூஜ்யம் போட்டிருந்தால் அந்த மார்க் உண்மையான மார்க் இல்லை.

3. மொத்த மார்க்கில் என்னென்ன சேருகிறது என்பது வேறு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடத்திற்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மாதிரித் தேர்வில் எழுத்துக்கு மட்டும்தான் மார்க் போட்டிருக்கலாம், அல்லது 100-க்கு மாற்றிப் போட்டிருக்கலாம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். ஆகவே மார்க்கைக் கேட்கும்போது, "எத்தனைக்கு?" என்றும் கேளுங்கள்.

4. நேரமும் இடமும் பயமும். நம் குழுவுக்கு வங்கியிலிருந்து தர மதிப்பீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் தீர்மானப் புத்தகம் எழுதுகிற பிரதிநிதிக்கு அன்றைக்கு மட்டும் கை நடுங்கும். "உங்கள் குழுவின் மொத்த சேமிப்பு எவ்வளவு?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் நாங்கள் ஒத்திகை பார்த்தபோது கடகடவென்று சொன்னவர்தான் அவர். அறிவு அதேதான், ஆனால் பயம் வந்தால் மனதின் பாதி பயத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுகிறது. மீதிப் பாதிதான் கேள்விக்கு.

பிள்ளைக்கும் அதே நிலைதான். வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வில் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், 10 நிமிடம் கூட எழுதலாம். பொதுத்தேர்வு 10 மணிக்குத் தொடங்கும். கேள்வித்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், பிறகு மூன்று மணி நேரம். 1.15-க்குத் தாளை வாங்கிவிடுவார்கள். சில பிள்ளைகளுக்குத் தேர்வு மையமே வேறு பள்ளிக்கூடம். பஸ்ஸைப் பிடித்து, தெரியாத இடத்தில், தெரியாத ஆசிரியர் முன்னால் எழுத வேண்டும்.

5. ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். நம் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து ஒருவர் சீசனில் வருகிறார். ஒரு நாள் வந்தால் மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் பத்து நாள் கழித்து வருகிறார், நூல் மாதிரி விழுகிறது. இருவரும் பார்த்தது உண்மைதான். ஆனால் ஒரு நாளைப் பார்த்து, "குற்றாலத்தில் தண்ணீர் இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் தென்காசிக்காரர்கள் நாம் சிரிப்போமா மாட்டோமா?

மார்க்கும் அப்படித்தான். நன்றாகப் படித்த பகுதியிலிருந்து இரண்டு பெரிய கேள்வி வந்தால் மார்க் ஏறும். விட்டுப்போன பகுதியிலிருந்து வந்தால் இறங்கும். காய்ச்சல், தூக்கம், மாதவிலக்கு வலி, முந்தின நாள் வீட்டில் சண்டை என்று எல்லாமே இதில் சேரும். ஆகவே ஒரு பிள்ளையின் அளவு என்பது ஒற்றை எண் அல்ல, "இதிலிருந்து இதுவரை" என்கிற ஒரு இடைவெளி. நாம் பார்த்த பெண்ணுக்கு அது 318-லிருந்து 389 வரை. அவள் வாங்கிய 327 அதற்குள்தான் இருக்கிறது.

"அரையாண்டுதானே" என்று இருந்தவர்கள் பட்ட பாடு

மாதிரி மார்க்குக்கும் பரீட்சைக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்நாடு முழுவதும் பெரிய பேச்சானது 2020-ல்தான். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முதலில் தள்ளிப்போனது. பிறகு ஜூன் 9-ஆம் தேதி தேர்வே ரத்து என்று அரசு அறிவித்தது. மார்க் எப்படிப் போடுவது? காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். அந்த ஆகஸ்டில் 9 லட்சத்து 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி என்று ரிசல்ட் வந்தது.

எல்லோரும் பாஸ் என்பதில் சந்தோஷம்தான். ஆனால், "அரையாண்டுதானே, பரீட்சைக்குப் படிச்சுக்கிடலாம்" என்று இருந்த பிள்ளைகளுக்கு அந்த அரையாண்டு மார்க்கே சான்றிதழில் ஏறிவிட்டது. கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தது கணக்கில் வரவே இல்லை. மாதிரித் தேர்வு என்பது ஒரு வேலைக்காகச் செய்தது, அதாவது குறை எங்கே என்று காட்ட. அதைத் தூக்கி வேறொரு வேலைக்கு, அதாவது பிள்ளையின் அளவை முடிவு செய்யப் பயன்படுத்தும்போது இப்படித்தான் இடிக்கும்.

அதே வருடம் இங்கிலாந்தில் வேறு விதமாக நடந்தது. அங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஏ லெவல் தேர்வும் ரத்தானது. "உங்கள் பிள்ளை தேர்வு எழுதியிருந்தால் என்ன கிரேடு எடுத்திருக்கும்?" என்று ஆசிரியர்களிடமே கேட்டார்கள். வந்த மதிப்பீடு அதிகமாகத் தெரிந்ததால் ஒரு கணக்குமுறை வைத்து நூற்றில் 39 அளவு கிரேடுகளைக் குறைத்தார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சில நாட்களிலேயே அதை ரத்து செய்து ஆசிரியர் சொன்னதையே கொடுத்தார்கள். முந்தின வருடம் ஏ கிரேடும் அதற்கு மேலும் நூற்றுக்கு 25 அளவில் இருந்தது, அந்த வருடம் 38 அளவுக்கு ஏறியது. ஆசிரியர்கள் பொய் சொல்லவில்லை. தன் பிள்ளை அதன் நல்ல நாளில் எவ்வளவு எடுக்கும் என்று நினைத்துச் சொன்னார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பரீட்சை அன்று நல்ல நாளாக அமைவதில்லை.

நம் ஊர் அரையாண்டு கறாராக இருந்ததால் குறைத்துக் காட்டியது. அங்கே ஆசிரியரின் நம்பிக்கை கூட்டிக் காட்டியது. இரண்டு இடத்திலும் மாதிரி வேறு, பரீட்சை வேறு.

போட்டித் தேர்வில் இன்னும் கவனம்

நம் கூட்டமைப்பில் பிள்ளைகளை நீட் எழுத வைக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குத் தாங்களே படிக்கிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கூடுதலாகச் சில விஷயம்.

முதலில், போட்டித் தேர்வில் நம் மார்க் மட்டும் போதாது, மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதும் முக்கியம். 2024 நீட் தேர்வில் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர். 2025-ல் இந்திய அளவில் முதல் மார்க்கே 686-தான். பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க் 2024-ல் 162, 2025-ல் 144. கேள்வித்தாள் கடினமானால் எல்லோருக்கும் குறையும். ஆகவே, "மாதிரித் தேர்வைவிட 60 மார்க் குறைந்துவிட்டது" என்று அழுவதற்கு முன் ராங்க் என்ன என்று பார்க்க வேண்டும். மாதிரித் தேர்வில் ஒரு பயிற்சி மையத்தில் 40 பேருக்குள் முதலாவது என்பதும், லட்சக்கணக்கானோரில் எந்த இடம் என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, தேர்வு முறை மாறும். 2024 நீட் தேர்வில் 200 கேள்வி கொடுத்து 180-க்குப் பதில் எழுதினால் போதும், நேரம் 200 நிமிடம். 2025-ல் 180 கேள்வி, எல்லாவற்றுக்கும் எழுத வேண்டும், நேரம் 180 நிமிடம். பழைய முறையில் பயிற்சி எடுத்த பிள்ளைக்கு வேண்டாத கேள்வியை விடுகிற வசதியும் இல்லை, கூடுதல் 20 நிமிடமும் இல்லை. மாதிரித் தேர்வு எந்த வருட முறையில் நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குத்துமதிப்பாகக் குறிப்பது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மார்க், தப்பான விடைக்கு 1 மார்க் குறையும். ஒரு பிள்ளை தெரியாத 20 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாள் 9 சரியாக அமைந்தால் 36 வரும், 11 போகும், மிச்சம் 25. இன்னொரு நாள் 2 மட்டும் சரியானால் 8 வரும், 18 போகும், கையிலிருந்து 10 போய்விடும். பிள்ளையின் படிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மார்க் மட்டும் 35 மாறிவிட்டது.

நான்காவது, குரூப் 4 தேர்வு. மொத்தம் 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். முதல் பகுதி தமிழ், 100 கேள்வி, 150 மார்க். அதில் 60 மார்க் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ் நமக்குத் தெரியாததா?" என்று அதைப் பயிற்சி செய்யாமல் விடுகிறவர்கள் உண்டு. 2025 ஜூலை 12-ல் நடந்த தேர்வில் தமிழ்ப் பகுதி எதிர்பார்த்ததைவிடக் கடினம் என்று எழுதியவர்கள் பலர் சொன்னார்கள். மாதிரித் தேர்வில் மொத்த மார்க்கை மட்டும் பார்க்காமல் பகுதி பகுதியாகப் பாருங்கள். வீட்டில் புத்தகத்திலேயே டிக் போட்டுப் பழகினால் அங்கே ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கருப்பாக்குகிற நேரம் கணக்கில் வராது. ஒரு வட்டத்திற்கு 5 விநாடி என்றாலும் 200 கேள்விக்கு 1000 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். ஓ.எம்.ஆர். தாளின் நகலில் கருப்புப் பேனாவால்தான் பழக வேண்டும்.

குழுவில் பயிற்சிக்குக் கடன் கேட்டு வந்தால்

இது நம் குழுவின் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பிள்ளையின் படிப்புக்கு உள்கடன் கொடுப்பது நல்லதுதான். ஆனால் சில பயிற்சி மையங்களில் அவர்களே ஒரு நுழைவுத் தேர்வு வைத்து, "உங்க பிள்ளைக்கு 80 சதவீதம் வந்திருக்கு, இங்க சேர்த்தா கண்டிப்பா சீட்டு" என்கிறார்கள். அந்த 80 சதவீதத்தை நம்பித் தாலியை அடகு வைத்த தாயையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கடன் மனு வரும்போது குழுவில் இந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள்.

1. கேள்வித்தாள் தயாரித்தது யார், திருத்தியது யார்? பணம் வாங்குகிறவரேதான் மார்க்கும் போட்டாரா?
2. அங்கே போன வருடம் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது? பேனரில் உள்ள நாலு படம் மட்டும் பதில் ஆகாது. பாதியில் நின்றவர்களும் கணக்கில் வர வேண்டும்.
3. பழைய பொதுத்தேர்வு அல்லது நீட் கேள்வித்தாள் ஒன்றை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தால் பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது?
4. இலவசப் பயிற்சி கிடைக்குமா என்று விசாரித்தாயிற்றா? போட்டித் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடத்துகிறார்கள். நீட் பயிற்சி பற்றி அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

இதைக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. மாடு வாங்கக் கடன் கேட்டால் மாட்டைப் போய்ப் பார்க்கிறோம் இல்லையா?

வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள்

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தாய்மார்களும் இதைச் செய்ய முடியும். பிள்ளையையே எழுதச் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். வரவு செலவு நோட்டு மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தேர்வுக்கும்: தேதி, எத்தனை பாடம், எத்தனை மணி நேரம், யார் திருத்தியது, எத்தனைக்கு எத்தனை.

அடுத்து, போன மார்க்கை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று, தெரியாமல் விட்டது. இரண்டு, தெரிந்தும் தப்பாக எழுதியது. மூன்று, நேரம் போதாமல் விட்டது. முதலாவதற்கு மருந்து படிப்பு. இரண்டாவதற்கு மருந்து எழுதி முடித்துத் திரும்பப் பார்ப்பது. மூன்றாவதற்கு மருந்து கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவது. மூன்றுக்கும் ஒரே மருந்தாக, "இன்னும் படி, இன்னும் படி" என்றால் நோய் தீராது.

பரீட்சைக்கு முன் இரண்டு தடவையாவது முழுப் பாடத்திற்கும், இதுவரை பார்க்காத கேள்வித்தாளை வைத்து, காலை 10 மணிக்கு உட்கார்ந்து முழு நேரமும் எழுத வையுங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பீடி இலை வெட்டச் சொல்லாமல், தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாமல் அந்த ஒரு நாளை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். வேறு ஒரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். அந்த மார்க்தான் பரீட்சைக்குப் பக்கத்தில் வரும்.

கடைசியாக, எந்தக் குரூப், எந்தக் கல்லூரி என்று யோசிக்கும்போது பெரிய மார்க்கை வைத்து யோசிக்காதீர்கள். சின்ன மார்க்கை வைத்து ஒரு வழி, நடு மார்க்கை வைத்து ஒரு வழி என்று இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மார்க் வந்தால் சந்தோஷம்.

ரிசல்ட் அன்று

சகோதரிகளே, இதை மட்டும் மறக்காமல் படியுங்கள். ரிசல்ட் அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். முதல் வார்த்தை, "சாப்பிட்டியா?" என்று இருக்கட்டும். பக்கத்து வீட்டு மார்க்கைப் பேச வேண்டாம்.

மார்க் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் முதலில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நகலைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். தேதி தவறினால் வாய்ப்பு போய்விடும், ஆகவே ரிசல்ட் வந்த அன்றே பள்ளிக்கூடத்தில் கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கு என்ன வழி என்பதையும் அங்கேயே சொல்வார்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்குத் துணைத்தேர்வு அதே வருடமே நடக்கிறது, ஒரு வருடம் வீணாகாது.

பிள்ளை பேசாமல் இருந்தாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன" என்பது போல் ஏதாவது சொன்னாலோ அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417, மருத்துவ உதவி எண் 104, மனநல உதவி எண் 14416. மூன்றையும் கூட்டம் நடக்கிற இடத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

அன்றைக்கு அந்தத் திண்ணையில் ஐந்து மார்க்கையும் கூட்டி முடித்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ பொய் சொல்லலை" என்றார். மகள் அழுதுவிட்டாள். நான்கு நாளாக அவள் சொல்ல நினைத்ததும் அதுதான்.

காலாண்டில் 318-ல் தொடங்கிய பிள்ளை பரீட்சையில் 327-க்கு வந்திருக்கிறாள். பெரிய ஏற்றம் இல்லைதான், ஆனால் விழவும் இல்லை. நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது கணக்கில் நேரம் போதாமல் விட்டதுதான் அதிகம் இருந்தது. அடுத்த வாரக் கூட்டத்திற்கு அக்கா வந்தார், பாயும் விரித்தார். மகளை அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் குரூப்பில் சேர்த்திருக்கிறார். பீடித் தட்டு இப்போது அம்மா மடியில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, மாதிரித் தேர்வு மார்க் டார்ச் லைட் போன்றது. வழியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவும். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று அது சொல்லாது. அதை நம்பிப் பெருமை பேசவும் வேண்டாம், அதை வைத்துப் பிள்ளையின் படிப்பை நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

* நம் குழுவில் எந்தெந்த வீட்டில் இந்த வருடம் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிறது? மார்க் நோட்டு போட்டாயிற்றா?
* மார்க் குறைந்தது என்று நம் ஊரில் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளை யாராவது உண்டா? குழு சேர்ந்து அந்த வீட்டுக்குப் போக முடியுமா?
* பயிற்சிக்கு உள்கடன் கொடுக்கும்போது மேலே சொன்ன நான்கு கேள்வியைத் தீர்மானமாக எழுதலாமா?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த முறை நாங்கள் வரும்போது காட்டுங்கள்.